வேலையை விட்டுப் புறப்படாவிட்டால் அது கீழ்ப்படியாமையா?

சகோதரி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் தாதியாக வேலை பார்க்கிறீர்கள். இங்கே குடியுரிமை வாங்கிவிட்டீர்கள், இந்தியாவுக்குப் போய்வர ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) இருக்கிறது. சபை முகாமில் செய்தி கொடுத்தவர் எசேக்கியேலில் வரும் காவற்காரன் பகுதியை எடுத்துப் பேசினார். நீ எச்சரிக்காமல் விட்டவனின் இரத்தப்பழி உன் கையில் கேட்கப்படும் என்றார். ஜெப நேரத்தில் ஒரு சகோதரர் உங்களிடம், மூன்று மாதத்துக்குள் வேலையை விட்டு வட இந்தியாவுக்குப் போகும்படி கர்த்தர் சொல்கிறார் என்றார். கணவர் தயங்குகிறார். நாகர்கோவிலில் அம்மா உங்கள் சம்பளத்தை நம்பி இருக்கிறார். அன்றிலிருந்து தூக்கம் இல்லை என்று எழுதிவிட்டு, "போகாமல் இருந்தால் நான் கீழ்ப்படியாதவளா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குள் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. சுவிசேஷத்தைச் சொல்லும் பொறுப்பு எனக்கு உண்டா என்பது ஒன்று. வேலையை விட்டு இன்ன ஊருக்குப் போ என்று தேவன் என்னிடம் சொன்னாரா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு வேதம் நேரடியாகவே பதில் சொல்கிறது. இரண்டாவதற்கு உங்களை அறிந்தவர்களோடு உட்கார்ந்துதான் பதில் தேடவேண்டும். முகாமில் இந்த இரண்டும் ஒன்றாக்கப்பட்டுவிட்டன. உங்கள் தூக்கம் போனது அதனால்தான் என்று நினைக்கிறேன். நான் இங்கே டிரினிட்டி இறையியல் கல்லூரியில் படித்தவன். பல வருஷமாக ஒரு தமிழ்ச் சபையில் பிரசங்கம் செய்கிறேன், முழுநேர ஊழியத்துக்கு வர விரும்புகிறவர்களோடு பேசும் குழுவிலும் இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். ஆனால் முகம் தெரியாத ஒருவருக்கு, உங்களை தேவன் அழைத்தார் என்றோ அழைக்கவில்லை என்றோ நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

உறுதியாகத் தெரிந்ததை முதலில் பார்ப்போம். மத்தேயு 28-ல் உயிர்த்தெழுந்த இயேசு சகல ஜாதிகளையும் சீஷராக்கும்படி கட்டளை கொடுத்தார். அதைக் கேட்டவர்கள் பதினொரு பேர்தான், ஆனால் உலகத்தின் முடிவுவரை உங்களோடு இருக்கிறேன் என்று அவர் சேர்த்துச் சொன்னதால் அது அந்தப் பதினொரு பேரோடு முடிந்த கட்டளை இல்லை என்பதில் சபைகளுக்குள் இன்று பெரிய வாதம் கிடையாது. அப்போஸ்தலர் நடபடிகள் 8-ம் அதிகாரத்தைப் பாருங்கள். ஸ்தேவான் கொல்லப்பட்டபின் எருசலேமில் துன்பம் எழும்புகிறது. அப்போஸ்தலர் தவிர மற்ற எல்லாரும் சிதறிப் போகிறார்கள். அந்த மற்றவர்கள்தான் போன இடமெல்லாம் வசனத்தைச் சொல்லுகிறார்கள். 11-ம் அதிகாரத்தில் அவர்களில் சிலர் அந்தியோகியாவுக்கு வந்து கிரேக்கரோடும் பேசுகிறார்கள், பெரிய சபை ஒன்று உருவாகிறது. அவர்கள் பெயர்கூட எழுதப்படவில்லை. பிற்பாடு பவுலையும் பர்னபாவையும் வெளியே அனுப்பிய சபை அதுதான். ஆகவே பிழைக்க வந்த ஊரில் தன் விசுவாசத்தைப் பற்றி வாய் திறந்து பேசுவது ஒவ்வொரு விசுவாசிக்கும் உரியது. அதற்குத் தனி தரிசனம் தேவையில்லை. இந்தப் பகுதியில் உங்களுக்குச் சலுகை கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை, எனக்கும் சலுகை இல்லை.

ஆனால் எல்லாருக்கும் ஒரே திசை காட்டப்படவில்லை. மாற்கு 5-ல் பிசாசுகளிடமிருந்து விடுதலையான மனிதன், உம்மோடு படகில் வருகிறேன் என்று இயேசுவிடம் கெஞ்சுகிறான். அவர் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. உன் வீட்டுக்குப் போய் உன் ஜனத்தாரிடம் சொல் என்று அனுப்புகிறார். அவன் தெக்கப்போலி என்ற அந்தப் பகுதி முழுவதும் சொல்லித் திரிந்தான். வீடு வாசலை விட்டு வா என்று சீஷரை அழைத்தவர்தான் இவனை வீட்டுக்கு அனுப்பினார். நடபடிகள் 18-ல் வரும் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கிலவுதியு ராயனின் கட்டளையால் ரோமாபுரியை விட்டு வந்து, கொரிந்துவில் கூடாரத் தொழில் செய்து பிழைத்தவர்கள். அவர்கள் தொழிலை விட்டதாக எங்கேயும் இல்லை. பவுலே அவர்களோடு தங்கி அந்தத் தொழிலைச் செய்தார். அப்பொல்லோ என்ற பெரிய பிரசங்கிக்கு மார்க்கத்தைத் தெளிவாக எடுத்துச் சொன்னது இந்தத் தம்பதிதான். வேலை நிமித்தம் ஊர்விட்டு ஊர் வந்த நம்மைப் போன்றவர்களுக்கு இவர்களைவிட நெருக்கமான ஆட்கள் வேதத்தில் குறைவு என்று எனக்குத் தோன்றும்.

இனி அந்தக் காவற்காரன் பகுதி. எசேக்கியேல் 3-லும் 33-லும் அது வருகிறது. பாபிலோன் சிறையிருப்பில் கேபார் நதியண்டையில் இருந்த ஒரு தீர்க்கதரிசிக்கு, இஸ்ரவேல் வம்சத்தாரைக் குறித்து, கர்த்தர் கொடுத்த தனிப்பட்ட பொறுப்பு அது. அதிலிருந்து நாம் கற்றுக்கொள்ள நிறைய உண்டு: அறிந்ததை மறைப்பது சிறிய விஷயம் இல்லை, அடுத்தவனுடைய முடிவு நம்மைப் பாதிக்கவேண்டும். பவுலும் எபேசு மூப்பரிடம், எல்லாருடைய இரத்தப்பழிக்கும் நீங்கி இருக்கிறேன் என்று பேசியிருக்கிறார். ஆகவே அதை இன்றைக்குப் பயன்படுத்தவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பகுதியில் வேலையை விடுவதைப் பற்றியோ வட இந்தியாவைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. காவற்காரன் தன் நகரத்தின் மதில்மேல் நிற்கிறவன், வேறு நகரத்துக்குப் போகிறவன் இல்லை. தூக்கம் கெட்ட ஒரு பெண்ணை மூன்று மாதக் கெடுவுக்குள் தள்ளுவதற்கு அந்த வசனத்தை எடுப்பது நியாயம் என்று நான் நம்பவில்லை. பயத்தில் ராஜினாமா கடிதம் கொடுத்தவர்களோடு நான் பேசியிருக்கிறேன். பயம் தணிந்தபிறகு அழைப்பும் தணிந்துபோயிருந்ததை அவர்களில் சிலரிடம் பார்த்தேன். அது அவர்களை நெடுநாள் வாட்டியது.

தீர்க்கதரிசனம் என்று சொன்னாரே, அதைத் தூக்கி எறியவும் வேண்டாம், அப்படியே விழுங்கவும் வேண்டாம். தெசலோனிக்கேயருக்கு எழுதின முதல் நிருபம் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது: தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ணாதே, எல்லாவற்றையும் சோதித்துப் பார். கொரிந்தியருக்கு எழுதியபோதும், ஒருவர் பேச மற்றவர்கள் நிதானிக்கவேண்டும் என்றே பவுல் சொல்கிறார். சொன்னவரே முடிவு செய்யும் ஏற்பாடு புதிய ஏற்பாட்டில் இல்லை. துரோவாவில் மக்கெதோனியா தேசத்தான் ஒருவனைத் தரிசனத்தில் கண்டது பவுல் ஒருவர்தான். ஆனால் கர்த்தர் நம்மை அங்கே அழைத்தார் என்று நிச்சயித்துக்கொண்டது கூட இருந்தவர்கள் எல்லாரும். அதற்குமுன் ஆசியாவுக்கும் பித்தினியாவுக்கும் போகப் பார்த்து, இரண்டு பக்கமும் தடுக்கப்பட்டிருந்தார்கள். பவுலுக்கே வழி அடைபட்டிருக்கிறது என்றால், உங்களுக்கு உடனே தெளிவு வராததைக் கீழ்ப்படியாமை என்று யாரும் பெயர் வைக்க முடியாது. அந்தியோகியாவிலும் அப்படித்தான். உபவாசித்து ஜெபித்த சபைதான் பவுல், பர்னபா இருவர்மேலும் கை வைத்து அனுப்பியது. அதற்குமுன் அவர்கள் அதே ஊரில் ஒரு வருஷம் முழுவதும் போதித்துக்கொண்டிருந்தவர்கள்.

நம் திருநெல்வேலிக்காரர் ஒருவரை இங்கே சொல்லியே ஆகவேண்டும். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, ஒய்எம்சிஏ என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் செயலாளராக இருந்தவர். 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் சேர்த்துத் தங்கள் ஆட்களை ஊழியத்துக்கு அனுப்புவதைக் கண்டார். நம் திருநெல்வேலி சபைகள் ஏன் யாரையும் அனுப்பவில்லை என்ற கேள்வியோடு ஊர் திரும்பினார். அடுத்த வருஷமே, 1903-ல், திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. நம் ஆட்கள், நம் காணிக்கை. ஹைதராபாத் நிஜாம் சமஸ்தானத்தில் இருந்த தோர்ணக்கல்லுக்கு, தெலுங்கு பேசும் மக்களிடம் ஊழியர்களை அனுப்பினார்கள். அசரியா அப்போதே கிளம்பவில்லை. அனுப்புகிறவராக, ஜெபிக்கிறவராக, ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறவராக இருந்தார். 1909-ல்தான் குருப்பட்டம் பெற்று, ஒய்எம்சிஏ வேலையை விட்டு, தெலுங்கு படித்துத் தாமே தோர்ணக்கல் போனார். 1912-ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். தரிசனத்துக்கும் பயணத்துக்கும் இடையே இருந்த அந்த வருஷங்களில் அவர் கீழ்ப்படியாமல் இருந்தார் என்று யாராவது சொல்வார்களா? உங்கள் தொழிலுக்கு இன்னும் நெருக்கமானவர் வேலூர் சிஎம்சி மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததுதான் அவரை அசைத்தது. அதற்குப்பின் அவர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்து முடித்து, 1900-ல் திரும்பினார். தேவை கண்முன்னே இருந்தும் முதலில் படிப்பை முடித்தார்.

அப்படியானால் உங்களுக்குள் எழுந்திருக்கும் பாரத்தை, ஊழியத்துக்குப் போகவேண்டும் என்ற அந்த உந்துதலை, எப்படிச் சோதிப்பது? பாரம் உண்மையானது என்றே எடுத்துக்கொள்கிறேன். முதலில் மூன்று மாதக் கெடுவைக் கைவிடுங்கள். கணவரோடு சேர்ந்து ஜெபியுங்கள், அவரை மாற்றுவதற்காக இல்லாமல் இருவரும் சேர்ந்து கேட்பதற்காக. தம்பதியில் ஒருவருக்கு மட்டும் அழைப்பு என்று கிளம்பிய குடும்பங்கள் நிலைத்து நின்றதை நான் பார்த்தது அரிது. இது என் அனுபவம்தான், வேதக் கட்டளை என்று சொல்லமாட்டேன். அப்புறம், முகாம் நடத்தினவரைவிட உங்களை வருஷக்கணக்காகப் பார்த்த போதகரிடமும் மூப்பர்களிடமும் பேசுங்கள். அவர்கள் சொல்வது எப்போதும் சரியாக இருக்கும் என்றில்லை. சபைகள் பல நல்ல அழைப்புகளைத் தாமதப்படுத்தியதும் உண்டு. இருந்தாலும் யாரும் அனுப்பாமல் தனியாகப் போகிறவருக்குப் போன இடத்தில் நோய் வந்தாலும் மனச்சோர்வு வந்தாலும் திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது.

அதற்கிடையில் இங்கேயே செய்ய நிறைய இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிங்கப்பூரில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.9 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள், இந்தியர்களில் சுமார் எட்டில் ஒருவர். ஓஃபியர் ரோட்டில் 1888-ல் கட்டி முடித்த லூர்து மாதா ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கருக்காக எழுந்தது. மெதடிஸ்ட் தமிழ்ச் சபைகள் இன்றைக்கும் தீவெங்கும் இருக்கின்றன. அதே சமயம் இங்கே நாம் மற்ற சமயத்தாரோடு ஒரே மாடியில், ஒரே மின்தூக்கியில் வாழ்கிறோம். இதைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. நான் வழக்கறிஞர் இல்லை, பொதுவாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். அரசியலமைப்பின் 15-ம் பிரிவு தன் சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை கொடுக்கிறது, பொது ஒழுங்குக்கு விரோதமாகப் போகக்கூடாது என்ற வரம்போடு. 16-ம் பிரிவின்படி 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் சமயத்தைத் தீர்மானிப்பது பெற்றோரோ பாதுகாவலரோதான். 1990-ல் இயற்றி 2019-ல் திருத்திய சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம், சமயத்தாரிடையே பகையோ வெறுப்போ எழும்படி பேசுவதைக் கட்டுப்படுத்துகிறது. ஹொங் லிம் பூங்காவில் பேச்சாளர்களுக்கென ஒதுக்கிய இடத்தில்கூட சமயத்தைப் பற்றிப் பேச அனுமதி கிடையாது. 2009-ல் ஒரு தம்பதி இஸ்லாத்தை இழிவுபடுத்தும் கைப்பிரதிகளை முஸ்லிம்களுக்குத் தபாலில் அனுப்பியதற்காக 8 வாரச் சிறைத் தண்டனை பெற்றார்கள். இதில் எதுவும் உங்கள் விசுவாசத்தைச் சொல்லக்கூடாது என்று சொல்லவில்லை. அடுத்தவருடைய விசுவாசத்தை மிதித்துச் சொல்லாதே என்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும் அதுதான் சரி: சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு (பதில்) சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று பேதுரு தம் முதல் நிருபத்தில் நமக்கு ஏற்கெனவே எழுதிவிட்டார்.

மருத்துவமனையில் விசுவாசத்தைப் பற்றி எப்படிப் பேசுவது என்றும் கேட்டீர்கள். நோயாளி படுக்கையில் இருக்கிறார், நீங்கள் நிற்கிறீர்கள். மருந்தும் தண்ணீரும் உங்கள் கையிலிருந்து வரவேண்டும். அந்த நிலையில் நீங்களாகவே சமயப் பேச்சைத் தொடங்கினால் அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. வேண்டாம் என்று சொல்ல வழியில்லாதவரிடம் சுவிசேஷம் பேசுவதை நான் ஏற்கமாட்டேன். அவரே, நீங்கள் கிறிஸ்தவரா, எனக்காக ஜெபிப்பீர்களா என்று கேட்டால் அது வேறு விஷயம். உங்கள் மருத்துவமனையின் நடத்தை விதி அதை எதுவரை அனுமதிக்கிறது என்று மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே வெளிப்படையாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் வரும் நம் ஊர்த் தொழிலாளர்களிடமும் இதே அளவுகோல்தான். கடன் வாங்கி வந்து விடுதியில் தங்கியிருக்கிற பையனுக்குச் சாப்பாடும் மருத்துவ உதவியும் கொடுப்பது நல்லது. கூட்டத்துக்கு வந்தால்தான் உதவி என்ற நிலை வந்துவிட்டால் அது விலைபேசுவது. உதவியை நிபந்தனை இல்லாமல் கொடுங்கள். ஏன் இதைச் செய்கிறீர்கள் அக்கா என்று அவர்களே கேட்பார்கள், அப்போது மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் வேலைக்கு இருக்கும் பணிப்பெண்ணை சபைக்கு வா என்று கட்டாயப்படுத்துகிறவர்களும் உண்டு. அதுவும் கூடாது.

வட இந்தியாவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்கள் மிஷனரி வேலைக்கு இந்திய அரசிடம் தனி அனுமதி பெறவேண்டும். 2021-ல் வந்த அறிவிப்பு அதைத் தெளிவாகவே சொல்கிறது. ஒடிசாவில் 1967-லிருந்தும் மத்தியப் பிரதேசத்தில் 1968-லிருந்தும் மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் இருக்கின்றன, அண்மையில் உத்தரப் பிரதேசத்திலும் வந்திருக்கிறது. உறவினரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்ப் பிரசங்கம் செய்வது சரியான வழி இல்லை. சத்தியத்தைச் சொல்லப் போகிறவர் பொய் சொல்லி உள்ளே போகவேண்டாம். தவிர, அதனால் வரும் கஷ்டம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும் உள்ளூர் விசுவாசிகள் தலையில்தான் விழும்.

அம்மாவைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருந்தீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி அதுதான். மாற்கு 7-ல் இயேசு கடுமையாகக் கண்டிக்கிறார்: தகப்பனுக்கோ தாய்க்கோ கொடுக்கவேண்டியதை, இது கொர்பான், தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லி நிறுத்திவிடுகிறவர்களை. தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதின முதல் நிருபமும் சொல்கிறது. மறுபக்கம் லூக்கா 9-ல், தகப்பனை அடக்கம் பண்ணிவிட்டு வருகிறேன் என்றவனுக்கு இயேசு இடம் கொடுக்கவில்லை; 14-ல் தாய் தகப்பனைவிட அவரை அதிகமாக நேசிக்கக் கேட்கிறார். இந்த இரண்டையும் ஒரே கோட்டில் வைத்துத் தீர்த்துவிட்டேன் என்று நான் சொல்லமாட்டேன். நல்ல வேத ஆசிரியர்களே இதில் வெவ்வேறு இடத்தில் அழுத்தம் கொடுக்கிறார்கள். எனக்கு உதவியது யோவான் 19. சிலுவையில் இருந்தபோதே அவர் தம் தாயை ஒரு சீஷன் கையில் ஒப்படைத்தார். எல்லாவற்றையும் விட்டவர் தாயை யாரும் பார்க்காத நிலையில் விடவில்லை. ஆகவே நீங்கள் என்றாவது போவதாக இருந்தால், அம்மாவின் மாதச் செலவையும் வைத்தியத்தையும் யார் பார்ப்பார்கள் என்பது முடிவான பிறகு போங்கள். உங்களை அனுப்புகிற சபையும் அதைக் கணக்கில் எடுக்கவேண்டும். உங்கள் சம்பளத்துக்கு மட்டும் மாற்று ஏற்பாடு செய்துவிட்டு, அம்மாவை உங்கள் சொந்தப் பிரச்சினை என்று விட்டுவிடுகிற குழுவோடு கிளம்பவேண்டாம்.

இரண்டு விஷயங்களை நீங்கள் எழுதவில்லை. கணவர் எதற்குத் தயங்குகிறார்: பணமா, அம்மாவா, வட இந்தியாவா, அல்லது முகாமில் நடந்த விதமா? இன்னொன்று, அந்த முகாமுக்கு முன்பே உங்களுக்கு இந்த விருப்பம் இருந்ததா? கணவரிடமும் கேட்டுவிட்டு இந்த இரண்டையும் எழுதுங்கள், அதற்கேற்ப மேலே பேசலாம்.